துருக்கிப் பழம்

டச்சு காதில் விழுந்தால்தான் வாயில் வரும், நிறையப் படம் பாருங்கள் என்றார் எதிர்வீட்டுப் பாட்டி. நாங்கள் நெதர்லாந்தின் ஆம்ஸ்டல்வீனுக்குக் குடிவந்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை என்னை உட்காரவைத்து டச்சு பேசவைக்கிற புண்ணியவதி. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று தடவை தியேட்டரில் பார்த்ததாகச் சொல்லி ஒரு படத்தின் பெயரை எழுதியும் கொடுத்தார்: ‘டுர்க்ஸ் ஃப்ரௌட்’.

டுர்க்ஸ் என்றால் துருக்கிய, ஃப்ரௌட் என்றால் பழம். என் டச்சுக்கு இதுவே பெரிய சாதனை. துருக்கியில் அத்திப்பழம் பறித்துக்கொண்டே ஊர் சுற்றுகிற படம் என்று முடிவுகட்டிவிட்டேன். பெயரிலேயே ஃபிராடு ஒளிந்திருப்பது அப்போது உறைக்கவில்லை.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்த நேரம். பீன்ஸ் தட்டோடு சோபாவின் ஒரு ஓரத்தில் அம்மா, மறு ஓரத்தில் என் கணவர், நடுவில் நான். மாமியாரும் மருமகனும் சேர்ந்து பார்க்கிற படம் எது என்பதில் இனி உலகத்துக்கே நான் ஆலோசனை சொல்லலாம்.

எடுத்த எடுப்பில் கொலை. அது கதாநாயகன் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிற கற்பனையாம். அப்புறம் அவன் அறைக்கு வரிசையாகப் பெண்கள் வருகிறார்கள். வந்த வேகத்தில் உடைகள் போகின்றன. அத்திமரம் மட்டும் வரவே இல்லை.

கணவர் கூகுள் செய்கிற சாக்கில் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். “அத்தை, இது 1973-ல் பால் வெர்ஹூவன் எடுத்த படம். 33 லட்சம் டிக்கெட் வித்திருக்கு. அப்போ இந்த நாட்டு ஜனத்தொகையே ஒன்றே கால் கோடிக்குக் கொஞ்சம் மேலதான். ஆஸ்கருக்கெல்லாம் போச்சாம். ஹீரோ ருட்கர் ஹவர், பிளேடு ரன்னர்ல வருவாரே...” விட்டால் கேமராமேன் யான் தெ பான்ட்டின் ஜாதகம் வரை வாசித்திருப்பார், திரையைப் பார்க்காமலிருக்க.

அம்மா பீன்ஸிலிருந்து நாரை உரித்தபடி நிதானமாகக் கேட்டார். “குளிரு குளிருன்னு சொல்லி எனக்கு மூணு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தியே, இவங்க யாருக்கும் குளிரலையா?”

ரிமோட்டைத் தேடினேன். “இருக்கட்டும், முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில பார்க்காத உடம்பா” என்றார். அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு வரமாகப் பட்டது. மருமகனுக்குத்தான் கழுத்து வலி வந்துவிட்டது.

ஆனால் போகப்போகப் படம் பிடித்துக்கொண்டது. அவன் சிற்பி, பெயர் எரிக். அவள் ஓல்கா, வசதியான வீட்டுப் பெண். ஆம்ஸ்டர்டாம் தெருவில் அவன் சைக்கிளை மிதிக்க, அவள் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போகிற இடத்தில் அம்மா கையில் பீன்ஸ் அப்படியே நின்றது. “அப்பாவும் இப்படித்தான் டபுள்ஸ் வச்சு என்னை டியூட்டியில கொண்டு விடுவாரு.” போதும்மா என்றேன். இந்தப் படத்தோடு அப்பாவைச் சேர்த்து யோசிக்க நான் தயாராக இல்லை.

கல்யாணம், பெண்ணின் அம்மாவோடு தகராறு, பிரிவு. நெடுநாள் கழித்து இருவரும் மறுபடி சந்திக்கிறார்கள். அவள் பேச்சும் சிரிப்பும் ஒரு தினுசாக இருந்தன. அம்மா தட்டைக் கீழே வைத்தார். “இந்தப் பிள்ளைக்குத் தலைக்குள்ள என்னமோ இருக்கு. ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லு.”

“அத்தை, லண்டன்லயே 1971-லதான் முதல் ஆளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாங்க” என்றார் கணவர், இன்னும் போனிலிருந்து.

கொஞ்ச நேரத்தில் படத்து டாக்டரும் அம்மா சொன்னதையேதான் சொன்னார். மூளையில் கட்டி. பற்கள் விழுந்துவிடும் என்ற பயத்தில் ஓல்கா கடினமான எதையும் கடிப்பதில்லை. மெத்தென்ற ஒரு மிட்டாயை எரிக் அவளுக்கு ஊட்டுகிறான். அதன் பெயர்தான் டுர்க்ஸ் ஃப்ரௌட். மாவும் சர்க்கரையும் போட்டுக் கிண்டுகிற துருக்கி மிட்டாய். அப்போது என் கணவரும் போனை வைத்துவிட்டு, கூச்சப்படாமல் மூக்கை உறிஞ்சினார். கடைசியில் ஓல்காவின் விக்கை எரிக் குப்பை லாரிக்குள் எறிந்தபோது யாரும் பேசவில்லை. பீன்ஸ் பொரியல் அன்றைக்கு நடக்கவில்லை.

மறுநாள் துருக்கிக் கடையில் ஒரு டப்பா வாங்கி வந்தோம். “நெய்யே இல்லாத அல்வா” என்பது அம்மாவின் தீர்ப்பு. இருந்தும் நாலைந்து துண்டு உள்ளே போயின. மிச்சத்தோடு எதிர்வீட்டுக்குப் போனோம். படம் அம்மாவுக்குப் பிடித்ததா என்று பாட்டி ஆவலாகக் கேட்டார்.

“நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. ஆனா படுக்கையில கிடக்கிறவளுக்கு அந்தப் பையன் அப்படி மிட்டாயைத் திணிக்கக் கூடாது, புரையேறிடும். அதையும் சொல்லு.”

புரையேறுவதற்கு டச்சில் என்ன? நான் படித்த பாடம் எதிலும் அது வரவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினேன். மாவுச்சர்க்கரை நிஜமாகவே மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது.

பாட்டி தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினார். அதற்குள் அம்மா என்னைக் குனியவைத்து முதுகில் நாலு போட்டுவிட்டு, “இப்ப அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்” என்றார்.