ஞாயிறு ஐந்து, மற்ற நாள் மூன்று

விடுதியில் இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு மறந்திருக்காது. சாதாரண நாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. அப்படி வாசித்தால் வேதாகமத்தின் 1189 அதிகாரங்களும் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். பத்து அதிகாரம் கைமிச்சம். வாசித்த நாளுக்குக் கட்டிலடி அட்டையில் புள்ளடி போடுவோம்.

தை மாதம் முடியும்போது லேவியராகமம் வந்துவிடும். பலி முறைகளைத் தாண்டினால் குஷ்டரோகம், அதன்பின் வஸ்திரத்தில் குஷ்டம். அங்கேதான் பலருடைய புள்ளடி நின்றுபோகும். என்னுடையது நிற்கவில்லை. வாசிக்காமலே போட்டுக்கொண்டு போனேன். இத்தனை வருடம் கழித்து இந்த மலரில் ஒப்புக்கொள்கிறேன்.

பங்குனியில் ஒரு நாள் விடுதி மாஸ்டர் என் அட்டையைப் பார்த்தார். "நேற்று வாசித்ததில் ஒரு ஆளின் பெயரைச் சொல்லும் பார்ப்போம்" என்றார். எங்கேயும் இருப்பார் என்ற தைரியத்தில் "ஆரோன், சேர்" என்றேன். முந்தின நாள் நான் புள்ளடி போட்டிருந்தது ஆரோன் வராத ரூத்தின் புத்தகத்துக்கு!

அவர் ஏசவில்லை. அட்டையைக் கழற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நாலே அதிகாரம், 85 வசனம். கிணற்றடியில் இருந்து சத்தமாக வாசித்துவிட்டு வாரும். எங்கேயாவது மனம் நின்றால் அங்கேயே நில்லும்."

பெர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலர் துணைநின்ற மண் எங்களுடையது. அந்தப் பெருமையைப் பேச்சுப்போட்டிகளில் முழங்கிய நான், அந்தப் புத்தகத்தைத் தனியே ஓசைவிட்டு வாசித்தது அன்றுதான் முதல் தடவை. வாற்கோதுமையை நான் கண்டதில்லை; ரூத்து என் மனதில் எங்கள் நெல்வயலில்தான் கதிர் பொறுக்கினாள். மாமியாரை விட்டுத் தாய்வீடு திரும்பிய மற்ற மருமகள் ஒர்பாளைக் கதை ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை என்பதும் அன்றுதான் கண்ணில் பட்டது. அதை மாஸ்டரிடம் சொன்னேன். "அப்ப வாசித்திருக்கிறீர்" என்றார். அட்டை திரும்பி வரவில்லை.

அப்பம் என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் பெத்லெகேமில் பஞ்சம் வர, ஒரு குடும்பம் அந்நிய தேசம் போகிறது. வருடங்கள் கழித்து நகோமி என்ற ஒருத்தி மட்டும் மருமகள் ரூத்தோடு திரும்பி வருகிறாள். பதினாலு வயதில் அது எனக்கு வெறும் தொடக்கம். கனடாவுக்கு வந்து பல வருடங்களின் பின் ஊருக்குப் போனபோது, எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு மூதாட்டி என்னைக் கூர்ந்து பார்த்து, "இது கடைசிப் பொடியனோ?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். அன்றிரவு ரூத்தைத் திறந்தேன். "இவள் நகோமியோ" என்று ஊரார் பேசிக்கொள்ளும் இடத்துக்கு அப்பால் வாசிக்க முடியவில்லை.

இப்போது மகள் என் கைப்பேசியில் வாசிப்பு அட்டவணை ஒன்றை ஏற்றித் தந்திருக்கிறாள். நான்கு நாள் பின்தங்கிவிட்டேன் என்று இன்று காலையும் அது மணியடித்தது. நான் இன்னும் ரூத்தின் முதலாம் அதிகாரத்தில்தான் இருக்கிறேன்.