மூட்டை தூக்கியவரின் முன்கை: ஸ்கேன் அறை நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

மத்தியானத்துக்கு மேல் ஒரு முன்கை எம்.ஆர்.ஐ. வந்தது. முதுகுத்தண்டு, முழங்கால், மூளை என்றே ஓடும் எங்கள் அறைக்கு முன்கை வருவது அபூர்வம். சீட்டில் "வலது முன்கை வீக்கம், இறுக்கம், காண்ட்ராஸ்டுடன்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. இப்படி எழுதி அனுப்பும் டாக்டர்கள் மேல் எனக்குத் தீராத மனக்குறை உண்டு. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தானே எப்படி எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்?

சரி என்று ஆளிடமே கேட்டேன். நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர், ஐம்பதைத் தாண்டியவர். (அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அறுவடை சமயத்தில் ராப்பகலாக லோடு ஏற்றியிருக்கிறார். அதற்கப்புறம் முன்கை வீங்கி, வீக்கம் வற்றியதும் கெட்டிப்பட்டுவிட்டது. "கிள்ளிப் பாருங்க தம்பி, தோலு கையிலயே வராது" என்றார். உண்மைதான், இரண்டு விரலால் பிடிக்க முடியவில்லை. ஆனால் அவருடைய விரல்களில் தோல் எப்போதும்போல மடிந்தது. இடது கையும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. ரத்தத்தில் இயோசினோபில் என்னும் வெள்ளையணு 22 சதவீதம். 6-க்குள் இருக்க வேண்டியது. அதைப் பார்த்து ஓரிடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இன்னோரிடத்தில் யானைக்காலோ என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்புக்குப் பழுதில்லை.

கையை வைப்பதுதான் பெரும்பாடு. காந்தத்தின் நடுவில் இருக்கும் உறுப்புதான் படத்தில் நன்றாக விழும். பக்கவாட்டில் கிடக்கும் கை ஓரத்துக்குப் போய்விடும். அங்கே காந்தப்புலம் சீராக இருக்காது. கொழுப்பை இருட்டாக்கி வீக்கத்தைப் பளிச்சென்று காட்டும் வழக்கமான முறை அங்கே பாதி இடத்தில் வேலை செய்யும், பாதி இடத்தில் பல்லிளிக்கும். குப்புறப் படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டினால் சரியாக வரும். அண்ணனால் அப்படிக் கிடக்க முடியவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, உடம்பை மேஜையின் ஒரு ஓரத்துக்கு நகர்த்தி, வலது கையை முடிந்தவரை நடுவுக்குக் கொண்டுவந்தேன். சிக்னல் வாங்கும் கம்பிச்சுருளான காயிலைச் சுற்றிக் கட்டி, இடைவெளியில் பஞ்சு மெத்தை திணித்தாயிற்று.

கொழுப்பை அடக்க ஸ்டிர் (STIR) என்னும் இன்னொரு படமெடுக்கும் முறையை நம்பினேன். காந்தப்புலம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அது தாங்கும். ஆனால் காடோலினியம், அதாவது சீட்டில் கேட்ட காண்ட்ராஸ்ட் மருந்தை, ஊசியில் ஏற்றுவதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும். மருந்து ஏறிய திசுவையும் கொழுப்போடு சேர்த்து அது மறைத்துவிடக்கூடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நார்மல் என்று பார்த்த பிறகே ஊசி.

மார்ச் 5, புதன்

படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் மேடம் காலையிலேயே கூப்பிட்டுக் காட்டினார். சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டினால் சுளைகளைச் சுற்றி வெள்ளைச் சவ்வு தெரியுமே, அப்படி இருந்தது முன்கையின் குறுக்குவெட்டு. தசைகளைப் போர்த்தியிருக்கும் உறை, அதாவது ஃபேசியா, சாதாரணமாக மெல்லிய கறுப்புக் கோடாகத்தான் தெரியும். கவனித்துப் பார்க்காவிட்டால் இருப்பதே தெரியாது. இவருக்கு அது தடித்து, ஸ்டிரில் பளீரென்று வெளுத்து, தசைகளுக்கு இடையிலும் இறங்கியிருந்தது. காண்ட்ராஸ்டுக்குப் பிறகு எடுத்த படத்திலும் அதே கோடுதான் ஒளிர்ந்தது. உள்ளே தசை பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் சாதுவாக இருந்தது; உறையை ஒட்டிய விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு.

மேடம் கேட்ட முதல் கேள்வி "காய்ச்சல் இருக்கா?" என்பதுதான். ஃபேசியாவை அழுகச் செய்யும் கிருமித்தொற்றும் படத்தில் ஏறக்குறைய இப்படித் தெரியலாம். அது மணிக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும், உடனே ஆபரேஷன் தேவை. இவருக்கோ காய்ச்சல் இல்லை, மாதக்கணக்கில் இழுத்த சங்கதி. நோய் எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் படம் காட்டும். அதன் பெயரைச் சொல்வது படத்தின் வேலை இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

ரிப்போர்ட் வாங்க வந்தவரை மேடம் கும்பிடச் சொன்னார். உள்ளங்கைகள் ஒட்டவில்லை. விரல் நுனிகள் தொட்டுக்கொண்டன, நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம். அப்புறம் கையை உயர்த்தச் சொன்னார். ரத்தநாளம் ஓடும் தடத்தில், புடைத்திருந்தது வற்றி, தோலில் நீளமாக ஒரு பள்ளம் விழுந்தது. சுற்றிலும் இறுகிப்போன திசு அமுங்கவில்லை, ரத்தம் வடிந்த நாளம் மட்டும் உள்வாங்கிவிட்டது.

மார்ச் 8, சனி

பயாப்சி. தோலில் மட்டும் துளை போட்டு எடுப்பது இங்கே உதவாது. தோல், கொழுப்பு, ஃபேசியா, கொஞ்சம் தசை என்று ஒரே துண்டாக ஆழமாக எடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்குத்தான் நம் படம். முழங்கை மடிப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே உறை மிக அதிகமாகத் தடித்திருக்கிறது என்று அளந்து, அந்த இடத்தை அல்ட்ராசவுண்டில் உறுதி செய்து, தோலில் மார்க்கர் பேனாவால் குறி போட்டுக் கொடுத்தார் மேடம். ஸ்டீராய்டு அதுவரை ஆரம்பிக்கவில்லை. முன்பே கொடுத்திருந்தால் திசுவில் இயோசினோபில் கலைந்து போயிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. இயோசினோபிலிக் ஃபேசியைட்டிஸ், அதாவது தசை உறையில் வரும் ஒருவகை அழற்சி. தடித்த ஃபேசியாவுக்குள் லிம்போசைட், பிளாஸ்மா செல் என்ற எதிர்ப்பு அணுக்கள், நடுவே இயோசினோபில். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக டாக்டர் லாரன்ஸ் ஷுல்மன் 1974-இல் விவரித்த நோய்; அவர் பெயராலும் அழைக்கிறார்கள். கடும் உடலுழைப்புக்குப் பிறகு ஆரம்பித்ததாகப் பல நோயாளிகள் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அண்ணனுடைய லோடு கதையைக் கேட்ட ரூமட்டாலஜி (மூட்டு, தசை நோய்கள்) டாக்டர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

தூக்கத்துக்கோ சத்துக்கோ ஏதாவது மாத்திரை போட்டீர்களா என்றும் துருவினார். 1989-இல் அமெரிக்காவில் எல்-டிரிப்டோஃபேன் என்ற சத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இதைப் போன்ற நோய் கொத்தாக வந்திருக்கிறது. அண்ணன் வெற்றிலை தவிர எதுவும் போடுவதில்லை.

தோல் இறுகும் இன்னொரு நோயான ஸ்கிளிரோடெர்மா இல்லை என்பதற்கு விரல்கள் சாட்சி: தோல் மிருது, குளிரில் நிறம் மாறுவதில்லை, நகக்கண் ரத்தநாளங்களும் ஒழுங்கு. எலும்பு மஜ்ஜைக் கோளாறுகள் இதோடு சேர்ந்து வரக்கூடும் என்பதால் ரத்த அணுக்களைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் தினமும், உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை.

ஜூன் 17, செவ்வாய்

மறுபரிசோதனை ஸ்கேன். பழைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே கிடை, அதே உயரம், அதே இடைவெளியில் எடுத்தேன். அளவு மாறினால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஸ்டிரில் அந்த வெள்ளைக் கோடு பாதிக்கு மேல் மங்கிவிட்டது, தசைகளுக்கு இடையே இறங்கிய கிளைகள் சுத்தமாகக் காணோம். ஆனால் மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை. அழற்சி அடங்கினாலும் இறுகிய தழும்பு இளகப் பிசியோதெரபிதான் வழி. அதற்கு வாரம் இரண்டு நாள் பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்று அண்ணனுக்கு அலுப்பு.

"மூட்டை தூக்கலாமா தம்பி?" என்றார். டாக்டரைக் கேளுங்கண்ணே என்றேன். மண்டி முதலாளி அதுவரை எடைமேடையில் சீட்டு எழுத உட்கார வைத்திருக்கிறாராம். மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒருநாள்தானே போடுகிறீர்கள் என்று மறக்காமல் விசாரித்தேன். தினமும் போட்டால் ரத்த அணுக்களே காலி. "ஞாயித்துக்கிழமை மட்டும். வீட்டுக்காரி காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா" என்றார்.

இடது கைக்கும் ஒரு ஸ்கேன் வேண்டுமா என்று மேடமும் ரூமட்டாலஜி டாக்டரும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேடத்துக்கு வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான்: கை இளகிக்கொண்டே வரும்போது இன்னொரு படம் எடுத்து மருந்தை மாற்றப்போவதில்லை, செலவுதான் மிச்சம்.