பெருமூளை வாதம் உள்ள மகளை முதலாம் ஆண்டில் சேர்த்த அனுபவம்

என் மகள் 29 வாரத்திலேயே பிறந்தவள். ஒன்றரை வயதாகியும் உட்கார மாட்டாள், தூக்கி நிறுத்தினால் இரண்டு கால்களும் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லாரும், "குறைமாசப் பிள்ளை, மெதுவாத்தான் நடக்கும்" என்றார்கள். ஈப்போவில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் பெருமூளை வாதம், அதாவது மூளைச் சேதத்தால் உடல் அசைவு பாதிக்கப்படும் நிலை என்று தெரிந்தது.

டாக்டர் படம் வரைந்தே விளக்கினார். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு அவற்றை ஒட்டிய வெள்ளைப் பகுதி எளிதில் சேதமாகும். கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகில் இறங்குகின்றன, கைகளுக்கு உரியவை சற்றுத் தள்ளி. அதனால்தான் கால்கள் அதிகம் இறுகுகின்றன. மூளையில் ஏற்பட்ட சேதம் பரவாது. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீளாது என்பதால் பயிற்சியையும் இடுப்பு எக்ஸ்ரேயையும் விடக்கூடாது என்றார்.

ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை எடுப்பது பெரிய சிரமமில்லை. அரசு மருத்துவர் கையெழுத்திட்ட பாரத்தையும் பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட்டையும் சமூக நல இலாகாவில் கொடுத்தோம், வந்துவிட்டது.

சிரமம் பாலர் பள்ளியில்தான். வாய் ஓயாமல் கதை சொல்பவள், கணக்குப் பக்கத்தைத் திறந்தால் ஏழு பந்தை ஐந்து என்பாள், ஒன்பது என்பாள். "புத்தி மந்தம், சிறப்பு வகுப்புக்குப் போகட்டும்" என்றார்கள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சிறப்பு வகுப்பு மட்டமும் அல்ல. ஆனால் என்ன தடை என்று பார்க்காமல் முடிவு கட்டுவது பெரிய அநியாயம்.

மருத்துவமனையில், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழி சிகிச்சை பார்க்கும் அம்மாதான் வழி காட்டினார். கண்ணிலிருந்து மூளையின் பின்பக்கம் போகும் பாதையும் அதே அறைகளை ஒட்டித்தான் போகிறதாம். கண் தெளிவாக இருந்தாலும், நெருக்கமான படங்களைப் பிரித்துப் பார்க்க மூளை திணறுமாம். ஒரு கறுப்பு அட்டையில் நீளமாகச் சன்னல் வெட்டி, ஒரு வரிசை மட்டும் தெரியும்படி பக்கத்தின் மேல் வைத்தார். பாதங்கள் தொங்காமல் இருக்க அடியில் ஒரு பெட்டி. உடம்பைத் தாங்குவதற்கே கவனமெல்லாம் போனால் எண்ணுவதற்கு ஏது மிச்சம்? கேள்வி கேட்டுவிட்டு அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். விரல் மெதுவாக நகர்ந்தது. "ஏழு" என்றாள். அடுத்த வரிசையும் சரி.

அந்த அம்மாவின் அறிக்கையை வாங்கித் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவளை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் சோதனையையே அட்டை, பெட்டி, கூடுதல் நேரம் கொடுத்துத்தான் நடத்தினார்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் எழுத்துச் சோதனை வைத்தால் பெற்றோர் ஒப்புக்கொள்ளவே கூடாது என்பேன்.

இப்போது முதலாம் ஆண்டில், கீழ்த்தள வகுப்பில், எல்லாப் பிள்ளைகளோடும் படிக்கிறாள். என் வீட்டுக்காரர் பலகையில் செய்த கால்மணை மேசைக்கடியில் இருக்கிறது. அப்புறம், இரண்டாம் ஆண்டு வகுப்பு மாடியில். அதையும் கீழே மாற்றித் தரும்படி இப்போதே கடிதம் கொடுத்திருக்கிறேன்.