இந்தக் கம்பெனி வண்டி மட்டும் வேண்டாம்

எந்த கார் வாங்கலாம் என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விதமாகச் சொல்வார்கள். எந்த காரை வாங்கக் கூடாது என்று கேட்டால் பதில் யோசனையே இல்லாமல் வந்து விழும். செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள், பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர்கள், சாலையோர ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் மெக்கானிக்குகள் என்று பலரோடும் பழகுகிறவன் என்பதால், அவர்கள் எந்தெந்தப் பெயர்களை மறுக்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்பதை நான் நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். அவர்கள் எஞ்சினைக் குறை சொல்வது அரிது. “வண்டி நல்ல வண்டிதான் சார், ஆனா கம்பெனி நிக்காது” என்பதுதான் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம். அந்த வாக்கியத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அதே சமயம், அதில் விட்டுப்போகிற ஒரு பெரிய விஷயமும் இருக்கிறது.

முதலில் ஃபோர்டு. மறைமலைநகர் தொழிற்சாலை இந்தப் பகுதி மக்களுக்குத் தொலைதூரத்து விஷயம் அல்ல. தெருவுக்கு ஒருவராவது அங்கேயோ, அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு தொழிற்கூடங்களிலோ வேலை பார்த்தார்கள். 1999இல் வந்த ஐகான், 2010இல் வந்த ஃபிகோ, 2013இல் வந்த ஈகோஸ்போர்ட் எல்லாமே ஓட்டத் தெரிந்தவர்கள் விரும்பிய வண்டிகள். ஸ்டீயரிங் கைக்கு எப்படி அடங்கும், நூறைத் தாண்டிய வேகத்திலும் வண்டி எப்படிச் சாலையைப் பிடித்துக்கொள்ளும் என்று இன்றும் அவற்றைப் பற்றி ஆசையாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் பத்தாண்டுகளில் இருநூறு கோடி டாலருக்கும் மேல் நட்டம் என்று காரணம் காட்டி, 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. குஜராத்தின் சனந்த் ஆலையில் அந்த ஆண்டு இறுதியிலும், இங்கே அடுத்த ஆண்டின் நடுவிலும் வேலை நிற்கும் என்றார்கள். சுமார் நான்காயிரம் தொழிலாளர்களின் வாழ்க்கை ஒரே நாளில் நிலைகுலைந்தது. அவர்களுடைய இழப்போடு ஒப்பிட்டால் கார் வைத்திருந்தவர்களின் இழப்பு சிறியதுதான். ஆனாலும் அதுவும் இழப்புத்தான். முந்தைய வாரம் வரை நல்ல விலைக்குக் கேட்கப்பட்ட ஈகோஸ்போர்ட்டை, அறிவிப்பு வந்த பிறகு புரோக்கர்கள் தயக்கத்தோடுதான் கேட்டார்கள்.

சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது, தொடரவும் செய்தது. ஆனால் தொடர்வதற்கும், நினைத்தபோது கிடைப்பதற்கும் இடையே தூரம் அதிகம். ஈகோஸ்போர்ட்டின் பெரும்பாலான மாடல்களில் ஸ்டெப்னி பின்கதவின் வெளிப்பக்கம் தொங்கும். பார்க்க எடுப்பாக இருந்தாலும், நெரிசலில் பின்னால் வரும் வண்டி கொஞ்சம் வேகமாக முட்டினால் பம்பரோடு போகாமல் அந்தச் சக்கரம் நேரே கதவை உள்ளே நெளித்துவிடும். நெளிந்த கதவைத் தட்டிச் சரிசெய்தாலும் கீல் இறங்கிப் பூட்டு சரியாக விழாது. புதுக்கதவுக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள். அங்கே சந்து சந்தாகக் கழற்றிப்போட்ட கதவுகளும், ஹெட்லைட்டுகளும், டேஷ்போர்டுகளும் அடுக்கிக் கிடக்கும். நிறம் பொருந்துகிற கதவு கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். நின்றுபோன வண்டியை வைத்திருப்பது என்பது நடைமுறையில் இதுதான்: எஞ்சின் பல ஆண்டுகளுக்குக் குறையில்லாமல் ஓடும், ஒரு கதவுக்காகவோ கண்ணாடிக்காகவோ வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அன்றாட வாடகையில் தவணை கட்டுகிறவரால் எப்படிப் பொறுக்க முடியும்? ஓட்டுநர்களின் மறுப்பை வெறும் பிடிவாதம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இந்தப் பயம் ஃபோர்டோடு தொடங்கியதும் அல்ல. 1995இல் சியலோவோடு வந்து, 1998இல் மாட்டிஸைக் கொண்டுவந்த தேவூ, கொரியாவில் தாய் நிறுவனம் கடனில் மூழ்கியதும் இங்கே வண்டி வாங்கியவர்களை நடுவழியில் விட்டது. பிறகு கொரிய தேவூவின் கார் தொழிலை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியபோது, இந்திய ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாட்டிஸின் அடுத்த தலைமுறை வண்டியே 2007இல் செவர்லே ஸ்பார்க் என்ற பெயரில் இங்கே வந்தது. பழையதை மறந்துவிட்டு மக்கள் அதையும் வாங்கினார்கள். 2017 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸும், அந்த ஆண்டோடு இந்தியாவில் செவர்லே விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரே குடும்பத்து வண்டியை வாங்கியவர்கள் இரண்டு முறை கைவிடப்பட்டார்கள். செவர்லே டவேராவை நம்பித் தொழில் செய்த சுற்றுலா வண்டிக்காரர்கள் தமிழ்நாடு முழுவதும் இருந்தார்கள். அந்த டவேராவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளை 2013இல் புகை அளவுச் சோதனையில் நடந்த முறைகேட்டுக்காகத் திரும்ப அழைக்க நேர்ந்ததையும் அவர்கள் பார்த்தவர்கள்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஃபியட்டின் கதை. அந்த நிறுவனத்தின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின் இந்தியச் சாலைகளில் பெற்ற வெற்றி சாதாரணமானதல்ல. 2007இல் மாருதி ஸ்விஃப்ட் டீசலில் டி.டி.ஐ.எஸ். என்ற பெயரில் வந்தது அதுதான். பிறகு டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, செவர்லே செயில் என்று பல கம்பெனிகளின் பானெட்டுக்குள் அதே எஞ்சின் இருந்தது. மைலேஜும் உழைப்பும் பார்த்து மக்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். அதே எஞ்சினைக் கொண்டு ஃபியட் தானே செய்த புன்ட்டோவும் லீனியாவும், ஸ்விஃப்டைவிடக் கனமான உடம்போடும் பள்ளம் மேடுகளை விழுங்கும் சஸ்பென்ஷனோடும் வந்தும், ஷோரூமில் தேங்கிக் கிடந்தன. ஷோரூம் டாடாவோடு சேர்ந்து இருந்தது, பிறகு பிரிந்தது. சிறிய ஊர்களில் சர்வீஸ் சென்டர் இல்லை. மெக்கானிக்குகள் அந்த வண்டியைத் தொடவே தயங்கினார்கள். அதனால் ஃபியட் வேண்டாம் என்று சொன்ன பலர், தம் வீட்டு வாசலில் ஃபியட் எஞ்சினையே வைத்திருந்தார்கள். மக்கள் மறுத்தது எஞ்சினீயரிங்கை என்றால் இப்படி நடந்திருக்காது. பொன்னேரியிலும் போளூரிலும் வண்டி நின்றால் யார் வந்து பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு மாருதியிடம் பதில் இருந்தது, ஃபியட்டிடம் இல்லை. வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலுக்கு முன்பே அந்த பிராண்டு இங்கே ஓய்ந்துவிட்டது.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா இரண்டையும் மறுப்பவர்கள் சொல்லும் காரணம் வேறு. இங்கே ‘டி.எஸ்.ஜி.’ என்ற மூன்றெழுத்தைச் சொன்னாலே பழைய கார் வாங்குகிறவர்கள் பின்வாங்குவார்கள். ஏழு கியர் கொண்ட அந்த ஆட்டோமேட்டிக் பெட்டியில் எண்ணெயில் நனையாத இரண்டு உலர் கிளட்சுகள் மாறி மாறி வேலை செய்யும். நெடுஞ்சாலையில் அது அருமையாக ஓடும். ஆனால் கத்திப்பாராவிலும் பெருங்களத்தூரிலும் ஊர்ந்து நின்று, மறுபடி ஊர்கிற நெரிசலில் கிளட்சு ஓயாமல் வழுக்கிச் சூடேறும். கியர் மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மின்னணுவும் ஹைட்ராலிக் பம்பும் வால்வுகளும் மெகட்ரானிக் என்ற ஒரே பாகமாக இருப்பதால், உள்ளே ஏதோ ஒன்று பழுதானால் பெரும்பாலும் முழுப் பாகத்தையும் மாற்றச் சொல்வார்கள். பில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். இது நம் ஊர் வதந்தி மட்டும் அல்ல. 2013இல் சீன அரசுத் தொலைக்காட்சி இந்தக் கோளாறை வெளிக்கொண்டுவந்த பிறகு, அந்நாட்டில் மட்டும் மூன்று லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில் உலகம் முழுவதும் சுமார் பதினாறு லட்சம் கார்களில் கியர் எண்ணெயை மாற்றிக்கொடுத்தார்கள். சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் வைத்திருந்த, 2015இல் வெளிவந்த மோசடி இதைவிடப் பெரிய குற்றம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் அதற்காக அந்த பிராண்டை மறுத்த ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. தன் பையிலிருந்து போகும் பணம் உறுத்துகிற அளவுக்கு, ஊரார் மூச்சில் கலக்கும் புகை உறுத்துவதில்லை.

சில மறுப்புகள் வெறும் கௌரவத்தால் வந்தவை. டொயோட்டா எட்டியோஸை எந்த ஓட்டுநரிடம் கேட்டாலும் கையெடுத்துக் கும்பிடுவார். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் சத்தம் மாறாத டீசல் எஞ்சின், அகலமான பின்சீட்டு, பெரிய டிக்கி. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் அது நான்கு நட்சத்திரமும் வாங்கியது. ஆனால் வெள்ளை எட்டியோஸ் என்றாலே ஏர்போர்ட் டாக்ஸி என்று ஆகிவிட்டதால் குடும்பங்கள் அதை ஒதுக்கின. 2020இல் உற்பத்தியும் நின்றது. மலிவான கார் என்ற பெயரே டாடா நானோவைக் கீழே இழுத்துவிட்டது.

இனி, மக்களின் மறுப்பில் விட்டுப்போகிறது என்று நான் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். 2014 நவம்பரில் குளோபல் என்கேப் இந்தியாவில் விற்கப்பட்ட இரண்டு கார்களின் மோதல் சோதனை முடிவுகளை ஒன்றாக வெளியிட்டது. ஒன்று ஒரகடத்தில் தயாரான டாட்சன் கோ, மற்றொன்று மாருதி ஸ்விஃப்ட். ஏர்பேக் இல்லாத அந்த இரண்டு மாடல்களுமே பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்ஜியம் நட்சத்திரம் வாங்கின. டாட்சனின் உடற்கூடு நொறுங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, ஏர்பேக் வைத்தாலும் பயனில்லை என்று கூறி, அதை விற்பனையிலிருந்து விலக்கும்படி அவ்வமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி நிசான் தலைவர் கார்லோஸ் கோனுக்குக் கடிதமே எழுதினார். டாட்சன் இந்தியாவில் தேறவேயில்லை; 2022இல் அந்த பிராண்டே மூடப்பட்டது. ஆனால் அதே சோதனையில் அதே பூஜ்ஜியத்தை வாங்கிய ஸ்விஃப்டை யாரும் ஒதுக்கவில்லை. அது தொடர்ந்து அதிகம் விற்கும் கார்களில் ஒன்றாகவே இருந்தது. ஸ்பேர் கிடைக்கிறது, மைலேஜ் கிடைக்கிறது, விற்றால் விலை போகிறது என்ற மூன்றும் சேர்ந்துவிட்டால், மோதினால் உயிர் பிழைப்போமா என்ற நான்காவது கேள்வியை நாம் கேட்பதில்லை. மாறாக, அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஏர்பேக் இல்லாத போலோ பூஜ்ஜியம் வாங்கியபோது அந்த மாடலையே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, எல்லா போலோவிலும் இரண்டு ஏர்பேக் வைத்தது, நம் ஓட்டுநர்கள் வேண்டாம் என்று சொல்லும் அதே ஃபோக்ஸ்வாகன்தான். இந்த நேர்மையை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

நல்லவேளையாக நிலைமை மாறிவருகிறது. 2018 இறுதியில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகு, ஷோரூமில் நட்சத்திரத்தைப் பற்றி விசாரிக்கும் பழக்கம் வந்தது. இண்டிகா காலத்து நினைவில் டாடாவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த பல குடும்பங்கள் அந்த மறுப்பைக் கைவிட்டன. மாருதியின் புதிய டிசையரும் 2024இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மறுப்பதற்கான காரணம் மாறினால் கம்பெனியும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கைவிட்டுப் போகும் கம்பெனியைப் பற்றிய பயத்தை வாங்குகிறவர் ஒருவராகத் தீர்த்துக்கொள்ள முடியாது. திருவள்ளூரில் முன்பு மிட்சுபிஷி லான்சர் தயாரான ஆலையில்தான் இப்போது சிட்ரோயன் தயாராகிறது. அதன் தாய்க்குழுமத்தைச் சேர்ந்த பெஜோ, தொண்ணூறுகளில் 309 காரை இங்கே விற்றுவிட்டுச் சில ஆண்டுகளிலேயே வெளியேறியது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் சிட்ரோயன் பற்றிக் கேட்டபோது, “சஸ்பென்ஷன் மெத்தை மாதிரி இருக்கு தம்பி, இருந்தாலும் அஞ்சு வருஷம் போகட்டும்” என்றார். வண்டியைக் குறை சொல்லாமலேயே மறுத்த அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒரு நிறுவனம் வெளியேறினால், கடைசி கார் விற்ற நாளிலிருந்து குறைந்தது பத்தாண்டுகளுக்கு எல்லாப் பாகமும் நியாயமான விலையில், குறித்த கெடுவுக்குள் கிடைக்க வேண்டும் என்பதும், தவறினால் நட்ட ஈடு தர வேண்டும் என்பதும் அறிக்கையில் தரும் வாக்காக இல்லாமல் சட்டக் கடமையாக இருக்க வேண்டும். பழுதுபார்க்கும் கையேடுகளையும் ஸ்கேனர் மென்பொருளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்க வேண்டும்.

மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக 2024 செப்டம்பரில் ஃபோர்டு தமிழ்நாடு அரசிடம் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில், அங்கே எஞ்சின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தமும் கையெழுத்தானது. வேலை திரும்பி வருகிறது என்பதில் இந்தப் பகுதியில் இருக்கிற எல்லோரையும்போல எனக்கும் மகிழ்ச்சிதான். அங்கே செய்யும் எஞ்சின்கள் வெளிநாட்டுக்குப் போகட்டும். அதற்கு முன், இங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஃபிகோக்களுக்கும் ஈகோஸ்போர்ட்டுகளுக்கும் ஒரு கதவோ, ஹெட்லைட்டோ கேட்டால் ஒரு வாரத்துக்குள் கைக்கு வரும்படி செய்தால், நாளைக்கே உள்ளூரில் மறுபடி கார் விற்க வந்தாலும் அந்தப் பெயரை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் பாதியாகக் குறைவார்கள்.