யார்க்ல ஒரு மழை நாளும் ஆயிரம் வருஷத்து நாக்குப்பூச்சியும்

மழை பிடிச்சதால தான் உள்ள போனோம். இல்லாட்டி இங்கிலாந்துல இருக்குற இந்த யார்க் ஊருக்கு வர்ற எல்லாரும் பண்றமாதிரி கோட்டைச் சுவர் மேல ஒரு நடை, பெரிய சர்ச் முன்னாடி நாலு போட்டோ, அடுத்த ரயில்னு கிளம்பியிருப்போம். காப்பர்கேட்ங்கிற தெருவ ஒட்டி ஷாப்பிங் சென்டர் நடுவுல இருக்கு, ஊரோட பழைய கதையைக் காட்டுற யோர்விக் மியூசியம்.

காப்பர்கேட்னதும் நான் செம்பு வாசல்னு நினைச்சுக்கிட்டேன். ரெண்டுமே தப்பு. கேட்னா, ஸ்காண்டினேவியா பக்கமிருந்து கப்பல்ல வந்த வைக்கிங்குங்க பாஷைல தெரு, முன்னாடி ஒட்டிக்கிட்டு இருக்குறது மரக்கோப்பை செய்றவங்க. அப்ப நம்ம வாய்க்கு வர்றமாதிரி சொன்னா கடைசல்காரத் தெரு. 866ல வைக்கிங்குங்க இந்த ஊரைப் பிடிச்சாங்க, 954ல அவங்களோட கடைசி ராஜாவையும் இங்கிருந்து துரத்தியாச்சு, பள்ளிக்கூட பாடத்துக்கு அது போதும். எனக்குப் பிடிச்சது ராஜா கதை இல்ல, இந்தத் தெருக்காரங்க தூக்கிப் போட்ட குப்பை தான்.

இங்க இருந்த பழைய மிட்டாய் ஃபேக்டரி போனதுக்கு அப்புறம் 1976ல இருந்து 1981 வரைக்கும் தோண்டியிருக்காங்க. கிட்டத்தட்ட 40,000 பொருள் கிடைச்சுதாம். மண்ணு எப்பவும் ஈரமாவே இருந்து உள்ள காத்து போகாததால மரம், தோல், துணி எதுவும் மக்கல. தோல் செருப்பு அப்படியே இருக்கு, ஒத்தை ஊசியாலயே முடிச்சு முடிச்சா பின்னின கம்பளி சாக்ஸ் ஒண்ணு இருக்கு, அதுக்கு முன்னாடி என் பொண்டாட்டி ரொம்ப நேரம் நின்னா.

நான் நின்னது கடைசல் சாமான்கிட்ட. கிண்ணம் இல்லீங்க, கிண்ணத்துக்குள்ள இருந்து வந்த மரக்கட்டை. காலால மிதிச்சா கயிறு இழுத்து மரம் சுத்தும், காலை எடுத்தா மேல கட்டியிருக்குற கம்பு கயிறை திருப்பி இழுத்துக்கும், மிதிக்கும்போது மட்டும் தான் உளி வெட்டும். அப்படி குடைஞ்சுக்கிட்டே போனா கடைசியில கிண்ணத்து நடுவுல கூம்பு மாதிரி ஒரு கட்டை நிக்கும், அதை பட்டுனு உடைச்சு எறிஞ்சுடுவாங்க. அந்தக் கட்டைங்க நிறைய கிடைச்சதை வச்சு தான் தெருப் பேரு சும்மா வைக்கலன்னு தெரியுது.

சீப்பும் அப்படித்தான், மான் கொம்புல. சின்னச் சின்ன தகடா வெட்டி வரிசையா அடுக்கி ரெண்டு பக்கமும் பட்டை வச்சு ஆணி அடிச்சு, அதுக்கப்புறம் தான் ஒவ்வொரு பல்லா அறுக்குறாங்க, முன்னாடியே அறுத்தா அடுக்கும்போது முறிஞ்சுடும் போல. பல்லு எவ்ளோ நெருக்கம்னா பேன் சீப்பு தான் ஞாபகம் வந்துச்சு. பேனும் மண்ணுல கிடைச்சிருக்கு, தெள்ளுப்பூச்சியும்! இவ்ளோ பொறுமையா சீப்பு செஞ்சு தலை சீவினவங்க தான், ஆனா தெருவுக்குள்ள வந்தா கதை வேற. முள்வேலி மாதிரி குச்சி பின்னின சுவர் வச்ச வீடு, பின்னாடி குப்பைக்குழி, கக்கூஸ் குழி, அதே கொல்லையில கிணறு. துடைச்சுக்க பாசி. மியூசியத்துல ஒரு சின்ன வண்டியில உக்கார வச்சு அந்தத் தெருவுக்குள்ளயே கூட்டிட்டுப் போறாங்க, வாடையோட. என் பையன் பனியனை இழுத்து மூக்கை மூடினவன் வண்டி நின்ன பிறகு தான் எடுத்தான்.

அப்புறம் வந்துச்சு ஹீரோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு வைக்கிங் காலத்து ஆளோட மலம். 1972ல பக்கத்துத் தெருவுல ஒரு பேங்க் கட்டப் போன இடத்துல கிடைச்சது, 20 சென்டிமீட்டர் நீளம், நிஜமாவே ஸ்கேல் வச்சுப் பாத்தமாதிரி பாத்தேன். 2003ல யாரோ கைதவறி மூணு துண்டாச்சாம், உக்காந்து ஒட்டியிருக்காங்க, அந்த வேலைக்கு என்ன சம்பளம் குடுத்தாலும் தகும். அந்த ஆள் பெரும்பாலும் கறியும் ரொட்டியும் தான் தின்னிருக்காரு. உள்ள நூத்துக்கணக்குல, குடல்ல வாழ்ற சாட்டைப்புழுவோட முட்டை, கூடவே நாக்குப்பூச்சி முட்டையும். வயித்துவலியோட தான் அவரு கோப்பையோ சீப்போ வாங்கியிருப்பாரு பாவம், அப்பத்த கணக்குல அதுதான் சாதாரண உடம்பு.

சுத்தி நின்னவங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுத்தாங்க, நானும் எடுத்தேன். வெளிய மழை விட்டிருந்துச்சு. சாண்ட்விச் வாங்க நிக்கும்போது பொண்டாட்டி மெதுவா கேட்டா, "ஏங்க, இவனுக்கு பூச்சி மாத்திரை கடைசியா எப்ப குடுத்தோம்?"

ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல. பையனை கை கழுவ கூட்டிட்டுப் போனேன்.