களியக்காவிளை பஸ்ல பீட்டர் பேன், மூணு மாச கணக்கு

ஜூன் மழையோட ஆரம்பிச்சது இது. களியக்காவிளைல ஏறி திருவனந்தபுரம் வேலைக்குப் போறேன், 30 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா பாலராமபுரத்துல மாட்டினா அவ்ளோதான், ரீல்ஸ் பாத்து பாத்து சலிச்சுப்போயி ஏதாவது படிப்போம்னு தோணுச்சு. சின்னப் பிள்ளைக ஃபேன்டசி கதைய பெரியவங்களுக்குன்னு இருட்டா திருப்பி எழுதுற நாவல்ங்க நெறய இருக்குல்ல, அதையே எடுத்தேன்.

மொத புக் கிறிஸ்டினா ஹென்றியோட ஆலிஸ் (2015). ஆலிஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கெடக்குறா, பக்கத்து ரூம்ல ஹேட்சர்னு ஒரு கொலகாரன், தீ பிடிச்சதுல ரெண்டு பேரும் தப்பிச்சுடுறாங்க. ஒரிஜினல்ல பூனையும் புழுவுமா வர்ற செஷயர், கேட்டர்பில்லர் எல்லாம் இதுல ஊர ஆளுற ரவுடிங்க. ஐடியா சூப்பர். ஆனா ரத்தம் ரத்தம் ரத்தம், பாதிக்கு மேல எனக்கு ஒண்ணுமே உறைக்கல, உப்பு கூடுன மீன்கொளம்பு மாதிரி. அப்பதான் மண்டைல தட்டுச்சு, 1865ல வந்த ஒரிஜினல் ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட நான் படிச்சதே இல்ல, கார்ட்டூன்தான் பாத்திருக்கேன், எத மாத்தினாங்கன்னே தெரியாதவனுக்கு என்ன ஷாக் வரும்?

ஸோ ரெண்டாவது மாசம் ரூல் மாத்தியாச்சு, ஒரிஜினல் மொதல்ல. குட்டன்பர்க் சைட்ல ஃப்ரீயாவே கெடைக்குது. ஜே. எம். பேரியோட பீட்டர் பேன் நாவல் (1911) தொறந்தேன், வளரவே மாட்டேங்குற பையன் பீட்டர் மத்த பசங்களோட ஒரு மாயத்தீவுல இருக்கற கதை. தீவுல பசங்க எண்ணிக்கை கூடும் கொறையும், செத்தும் போவாங்க, வளர ஆரம்பிச்சா அது ரூலுக்கு விரோதம், பீட்டர் அவங்கள கழிச்சுடுவான்னு போறபோக்குல ஒரு வரி வருது. எங்க வீட்ல ஏத்தன் வாழைக்கு பக்கக்கன்னு கழிப்போம் பாருங்க, அந்த மாதிரி! எப்படி கழிச்சான்னு கெடையாது, அடுத்த வரில கதை ஜாலியா போயிடுது. நெய்யாற்றின்கரைல பஸ் நின்னது கூட தெரியல, அந்த வரியையே திரும்பத் திரும்ப படிச்சிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம்தான் அதே கிறிஸ்டினா ஹென்றியோட லாஸ்ட் பாய் (2017). பீட்டர் மொதல்ல கூட்டிட்டு வந்த பையன் ஜேமி, பின்னாடி பீட்டரோட எதிரி, கடல் கொள்ளைக்காரன் கேப்டன் ஹூக் ஆகப்போறவன், அவன் சொல்ற கதை. அந்த ஒரு வரிய விரிச்சு எழுதுன மாதிரியே எனக்குப் பட்டுச்சு. இதுலயும் ரத்தம் உண்டு, ஆனா ஒவ்வொரு பையனா ஜேமி பொதைக்கிறப்போ நமக்கும் கை கனக்குது. திரும்பி வர்றப்போ இத படிச்சு எறங்க மறந்து குழித்துறை வரைக்கும் போயிட்டேன்.

மூணாவது ஓஸ், டாரதின்னு ஒரு சின்னப் பொண்ணு ஓஸ்ங்கற மாய நாட்டுக்குப் போற கதை. ஒரிஜினல் 1900. அதுல வர்ற தகர மனுஷன் மொதல்ல சாதாரண மரவெட்டியாம், சூனியக்காரி மந்திரிச்ச கோடாலி அவன் கால், கை, தலைன்னு ஒவ்வொண்ணா வெட்டுது, தகரக்காரர் ஒவ்வொண்ணா மாட்டி விடுறாரு! டாரதியையே வில்லியாக்குன 2014 நாவல் ஒண்ணு எடுத்தேன், பாதில வச்சிட்டேன், கோடாலிக்குப் பக்கத்துல அது ஒண்ணுமே இல்ல.

எங்க ஆச்சி கள்ளியங்காட்டு நீலிங்கற பேய்க் கதைய இப்படித்தான் சொல்லுவா. "சுண்ணாம்பு கேட்டா, குடுத்தான், காலைல பல்லும் நெகமும் கெடந்துது மக்ளே." அவ்ளோதான், அடுத்து வெத்தலைய மடிப்பா.

இப்ப பினோக்கியோ, மரப்பொம்மைப் பையன் கதை, எழுதுனது கொலோடி. 1881ல பத்திரிகைல தொடரா வந்தப்போ நரியும் பூனையும் அவன மரத்துல தூக்குல போட்டதோட 15ஆம் அத்தியாயத்துல முடிச்சிட்டாராம் கொலோடி, படிச்ச பிள்ளைக விடல, திரும்ப எழுத வச்சுட்டாங்க, 1883ல 36 அத்தியாயமா புக் வந்துச்சு. டெஸ்ட் பண்ணிப் பாப்போம்னு அக்கா பொண்ணுக்கு (7 வயசு) அந்த எடம் வரைக்கும் சொல்லிட்டு, முடிஞ்சுது தூங்குன்னேன். லைட் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் இருக்கும்.

"மாமா... அவன் மரக்கட்டைதானே, கயிறு இறுக்காதுல்லா?"

மறுபடி லைட்ட போட்டேன், 16ஆவது ஓடிட்டிருக்கு.