பிளஸ் ஒன் பிள்ளைகளோடு மணாலி: கிளம்பும் முன் செய்த வேலைகள்

காலாண்டு விடுமுறையில் பிளஸ் ஒன் மாணவர்களை டெல்லி, ஆக்ரா, மணாலி கூட்டிப்போவது என்று முடிவானதும் தலைமையாசிரியர் முதலில் கொடுத்தது ஒரு மருத்துவப் படிவம். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாதா என்று வரிசையாகக் கேள்விகள். நிரம்பி வந்த படிவங்களைப் பார்த்தால் எங்கள் பள்ளியில் நோய்நொடி என்பதே கிடையாது. எல்லாக் கட்டத்திலும் "இல்லை".

ஒரு வகுப்பில் இத்தனை பேர் இருந்து ஒருவருக்கும் வீசிங் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? பெற்றோர் பொய் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. உண்டு என்று எழுதினால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. அதனால் பெற்றோர் கூட்டத்தில் முதல் வார்த்தையாகவே, "இதை வைத்து யாரையும் கழிக்கமாட்டோம். எதைப் பையில் எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம்" என்றோம். அப்புறம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தோம். நான் பெண்பிள்ளைகளிடம், பி.இ.டி. சார் பையன்களிடம்.

அப்போதுதான் விஷயங்கள் வெளியே வந்தன. "அவனுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர், குளிர்ல மட்டும் லேசா இழுக்கும்" என்றார் ஓர் அம்மா. இன்ஹேலர் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் அடித்தால் பழகிவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். இன்னொரு பெண்ணுக்குச் சின்ன வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்திருக்கிறது. ஒருத்திக்கு ஏதோ ஒரு ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. எந்த ஊசி என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பழைய மருந்துச்சீட்டைத் தேடி எடுத்து வரச் சொன்னோம்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கே வந்தார். நாங்கள் எதிர்பார்த்தது வழக்கமான கை கழுவும் உரை. அவரோ நேராக அந்தப் பையனை அழைத்து, "இன்ஹேலரை அடித்துக் காட்டு" என்றார். அவன் வாயைத் திறந்து, நாக்கின் மேல் ஸ்பிரே அடித்துவிட்டு டக்கென்று மூடிக்கொண்டான். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குலுக்கச் சொன்னார். மூச்சை முழுவதும் வெளியே விடச் சொன்னார். உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும்வரை மூச்சை நிறுத்தச் சொன்னார். நாலைந்து முறை செய்த பிறகுதான் சரியாக வந்தது. இன்ஹேலரில் மாட்டுகிற ஸ்பேசர் என்ற குழாய் ஒன்று வாங்கினால் இன்னும் சுலபம் என்றார். கடைசியில் அவன் பக்கத்து சீட்டுப் பையனையும் அழைத்து, "இவன் இன்ஹேலர் பையில் எந்த ஜிப்பில் இருக்கு, உனக்குத் தெரியணும்" என்றார். அந்த ஒரு வரிதான் எங்கள் மொத்த ஏற்பாட்டுக்கும் அடிப்படையானது.

எல்லாரையும் ஜோடி சேர்த்தோம். தினமும் காலையில் ஒருவரை ஒருவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: தூங்கினியா, சாப்பிட்டியா, வயிறு சரியா? பதினாறு வயதில் டீச்சரிடம் வந்து "எனக்குப் பேதி ஆகுது" என்று எவன் சொல்வான்? நண்பனிடம் சொல்வான். நண்பன் எங்களிடம் சொல்ல வேண்டும். அது கோள்மூட்டல் இல்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

பெண்பிள்ளைகளோடு பேச வேண்டியது வேறு. சென்னை சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு இரவும் நடுவில் ஒரு முழுப் பகலும் ரயில்தான். ரயில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவது நம் வீட்டுப் பெண்கள் பலருக்குப் பழக்கம். தலைவலி, மயக்கம், நீர்க்கடுப்பு எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எந்நேரமும் இருவராகப் போகலாம், ராத்திரி என்றால் என்னை எழுப்பலாம் என்று சொன்ன பிறகு பாதி தயக்கம் போனது. நாப்கினைப் பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில்தான் போட வேண்டும். ரயிலில் இப்போது பயோ டாய்லெட், உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளும். சில அம்மாக்கள் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை கொடுத்தனுப்பலாமா என்று கேட்டார்கள். கோயில் திருவிழா என்றால் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம். பார்த்து எழுதிக்கொடுக்காமல் வேண்டவே வேண்டாம் என்று அந்த மருத்துவர் சொல்லிவிட்டார்.

மருந்துப் பெட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாராசிட்டமால், தெர்மாமீட்டர், பஞ்சு, பேண்டேஜ், சுளுக்குக்குக் கட்டுத்துணி, நிறைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட். எதை, யாருக்கு, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று எழுத ஒரு நோட்டு. ஒரு அப்பா ஆன்டிபயாட்டிக் அட்டையையே கொடுத்தனுப்பினார், திருப்பிக் கொடுத்துவிட்டோம். ரயிலில் யாருக்காவது முடியாமல் போனால் 139, மற்ற இடங்களில் 112 என்ற எண்களை எல்லார் போனிலும் ஏற்றினோம். தெருநாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். தடுப்பூசி அன்றைக்கே தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவைத்தோம்.

முதல் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் வீட்டுச் சாப்பாடு. புளிசாதமும், நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் பெட்டி முழுக்க மணத்தது. அதன் பிறகு எங்களிடம் ஒரே விதிதான்: கண்ணெதிரே சூடாக எடுத்துக் கொடுப்பதைச் சாப்பிடலாம், வெட்டி வைத்த பழம், பானிபூரித் தண்ணீர், ஐஸ் போட்ட ஜூஸ் கூடாது. டெல்லியில் அந்த விதி ஒரு சாயங்காலம்கூட நிற்கவில்லை. மறுநாள் காலை ஒருத்திக்கு வயிற்றுப்போக்கு. அவளுடைய ஜோடிப் பெண் கதவைத் தட்டியபோது மணி ஆறுகூட ஆகவில்லை. அதற்குள் அவளே ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கப் போயிருந்தாள். உப்பு அளவுக்கு மீறினால் அதுவே ஆபத்து. லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தோம். மத்தியானம் தயிர்சாதம் கேட்டாள்.

மணாலி பஸ் பயணம் ராத்திரி முழுக்க. மலைப்பாதை தொடங்கியதும் வாந்தி வரும் என்பது தெரிந்ததுதான். பயண வாந்தி உள்ளவர்கள் முன் சீட்டில், போனைப் பார்க்காமல். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கிளம்ப அரைமணி, ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டாக வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு ஒரு கூட்டம் வந்தது. அதனால் கேடில்லை.

மணாலி ஏறக்குறைய நம் கோடைக்கானல் உயரம்தான். அங்கிருந்து நாங்கள் போகவிருந்த ரோதாங் கணவாய் அப்படியில்லை: 3978 மீட்டர். தொட்டபெட்டாவே 2637 தான். வழக்கமாக 2500 மீட்டருக்கு மேலே போனால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். நன்றாக விளையாடுகிற பையனுக்கும் வரும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றும், அங்கே நீண்ட நேரம் இருக்கக் கூடாது, ஓடக் கூடாது, தலைவலியோடு வாந்தியும் வந்தால் காத்திருக்காமல் கீழே இறக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார்.

மேலே போய் வேனை விட்டு இறங்கியதும் பையன்கள் ஓடத்தான் செய்தார்கள். பி.இ.டி. சார் விசில் ஊதி நிறுத்தினார். சிறிது நேரத்தில் எங்கள் கபடி அணித் தலைவன் தானே வந்து நின்றான். "சார், தலை வலிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு." கூடவே அவன் ஜோடிப் பையன், கையில் தண்ணீர் பாட்டிலோடு. மற்றவர்கள் போட்டோ எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருக்காமல் அவர்கள் இருவரையும் சாரோடு ஒரு வேனில் உடனே இறக்கினோம். மணாலி வந்து சேர்வதற்குள் அவனுக்கு வலி விட்டிருந்தது. "படத்துல வர்ற மாதிரி சமாளிச்சிடலாம்னு பார்த்தேன் டீச்சர், அப்புறம் இவன் விடல" என்றான்.

இன்ஹேலர்ப் பையன் குளிரில் இருமுறை அதை எடுக்க வேண்டி வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஊர் திரும்பிய அன்று பெற்றோருக்கு ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பினோம். அடுத்த மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால், டெல்லி, ஆக்ரா போய் வந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; டெங்குவும் டைபாய்டும் தொற்றிச் சில நாள் கழித்துத்தான் தெரியும். இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தம் பார்த்ததில் ஒன்றுமில்லை, சாதாரண வைரல்தான்.

அடுத்த வருடத்துக்கான படிவத்தை இப்போதே மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். "ஆஸ்துமா உண்டா?" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "குளிரில் இழுக்குமா? வீட்டில் இன்ஹேலர் இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று போட்டிருக்கிறோம். தலைமையாசிரியர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.